நல்லேரு, பல்லேரு, கன்னேரு

1

போன வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். ஆயுதம், துவையல்.

சாக இருந்தவர் வைத்திலிங்கம் அண்ணன். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். இந்த மலாயா நாட்டில் ரயில் பட்டறை லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு. நல்ல மனுஷர். பசி எடுக்கவில்லை என்பது அவருடைய ஒரே வியாதி. பசி எடுக்கவில்லையே என்று மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருத்தப்படுவார். நான் எந்தத் தழையைக் காட்டி ‘இது நல்லதுண்ணே’ என்றாலும் அங்கேயே நின்று மென்றுவிடுவார். என் மருந்துகளில் கசப்பு போதவில்லை என்பதைத் தவிர அவருக்கு என்மேல் வேறு புகார் கிடையாது.

அவர் பிழைத்தாரா என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் ஊரில் இருக்கிற நீங்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு ராசிபலனுக்குப் போய்விடுவீர்கள். நம் ஜனங்களை எனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தான் படிக்கிறவன்.

இந்தக் குற்றத்தில் எனக்குக் கூட்டாளிகள் உண்டு. ஒரு கொடி, ஒரு பூச்செடி, என் மகள், இரண்டு பாஷைகள். பழியைப் பிரித்துக்கொண்டால் என் பங்குக்குக் கொஞ்சம்தான் வரும் என்று நாலு நாளாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வேலிப் பக்கம் கால் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போதாவது உட்கார்ந்துதானே ஆகவேண்டும்.

2

எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது என்று இங்கே வருகிற தமிழ்ப் பத்திரிகையில் பார்த்தேன். திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று பாகம் பிரித்திருந்தார்கள். என் மனைவி கோவிந்தம்மாளுக்குப் பிறந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். எனக்கு நகரிப் பக்கம். கல்யாணத்துக்கு நாங்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய், பொழுது சாய்வதற்குள் பெண்ணோடு திரும்பிவிட்டோம். அவ்வளவுதான் தூரம். இப்போது பள்ளிப்பட்டு சென்னைக்குப் போய்விட்டது. நகரி மட்டும் நகரவில்லை.

நான் செய்தியைச் சத்தமாகப் படித்தேன். கோவிந்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அப்ப நீங்க இனிமே வெளி ராஜ்யமா?” என்றாள்.

“நானா வெளி ராஜ்யம்? நான் இருந்த எடத்துலதான் கீறேன். நீதான்டி போயிட்ட.”

“நான் எங்கியும் போவல. இங்கியேதான் குந்திக்கினு முருங்கக்கீரை ஆஞ்சிக்கினு கீறேன்.”

“சரி, ராத்திரி சோறு போடுவியா? பாஸ்போர்ட் கேப்பியா?”

“தெலுங்குக்காரருக்குக் காரம் தூக்கலாப் போட்டாப் போதும்” என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குக் குழம்பில் ஆந்திரா தெரிந்தது.

வீட்டுக்குள் நடந்த வரைக்கும் சிரித்துக்கொண்டேன். வெளியே அத்தனை சுலபமாக இல்லை. தமிழர் சங்கத்துச் செயலாளர், பொங்கல் விழாவுக்கு ஆள் சேர்க்க வந்தவர், “நீங்க இனிமே ஆந்திரா சங்கத்துலதானே இருப்பீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். சரிதான் என்று அவர்கள் பக்கம் போனால், “மீரு அரவவாள்ளு கதா!” என்றார்கள். நீங்கள் தமிழர்கள் ஆயிற்றே என்று அர்த்தம். பொங்கலுக்கும் கூப்பிடவில்லை, உகாதிக்கும் கூப்பிடவில்லை. எனக்கு விழா முக்கியமில்லை. இரண்டு இடத்திலும் சாப்பாடு நன்றாக இருக்கும், அதுதான்.

இந்த நாட்டுப் பிரஜையாகப் பதிந்துகொள்ளப் போனபோது மேஜைக்குப் பின்னால் இருந்த மலாய்க்கார அதிகாரி, இந்தியாவில் எந்த ராஜ்யம் என்று கேட்டார். நான் பிறந்தபோது சென்னை மாகாணம் ஐயா, பிறகு ஆந்திரா, நடுவில் தகராறு, மறுபடியும் ஆந்திரா, ஆனால் நாங்கள் பேசுவது தமிழ், தமிழிலும் கொஞ்சம் தெலுங்கு என்று விளக்கினேன். பாவம், பொறுமைசாலி. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு ‘இந்தியா’ என்று மட்டும் எழுதிவிட்டு, தலைக்குமேல் இருந்த காற்றாடியை வேகமாகச் சுழல விட்டுக்கொண்டார்.

3

எங்கள் ஊரில் ஒரு செடிக்கு இரண்டு பேர். துன்னும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று. வீட்டில் கரிசலாங்கண்ணி, புத்தூர் சந்தையில் அதுவே குண்டகலகர. வீட்டில் நாயுருவி, சந்தையில் உத்தரேணி. கீழாநெல்லியை மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டால் போய்ச் சேர்வதற்குள் அது நேல உசிரி ஆகியிருக்கும்.

ஆடுதின்னாப்பாளை என்று ஒரு கசப்புச் செடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடு தின்னாது என்று தமிழன் கண்டுபிடித்து அந்தப் பேரை வைத்தான். தெலுங்கில் அதற்குக் கழுதையை வைத்துப் பேர். இரண்டு பாஷைக்காரர்களும் சண்டை இல்லாமல் செய்த ஆராய்ச்சி இது ஒன்றுதான். இவர் ஆட்டைக் கேட்டார், அவர் கழுதையைக் கேட்டார், முடிவு ஒன்றாகவே வந்தது.

இதெல்லாம் விளையாட்டுக்குக் கற்றுக்கொண்டதில்லை. எங்களுடையது நெசவுக் குடும்பம். நூல் வராத மாசங்களில் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு பாதி நிற்கும். அப்போது மலையடிவாரமும் ஏரிக்கரையும்தான் எங்களுக்கு ரேஷன் கடை. தெருவே புறப்படும், அவரவர் கூடையோடு. ‘பால் வடிந்தால் தொடாதே’ என்பார் ஒருத்தர். ‘பூச்சி கடிச்ச எலையா பாரு, பூச்சி துன்னா நாமும் துன்னலாம்’ என்பார் இன்னொருத்தர். பூச்சிக்குச் சரியாக இருந்தது மனுஷனுக்கும் சரியாக இருக்கும் என்று எந்தப் பூச்சியும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் ஒருநாள் பண்ணைக்கீரை என்று நினைத்து ஒரு கூடை பறித்து வந்தேன். மறுநாள் பகல் முழுக்க எங்கள் வீட்டில் யாரையும் வீட்டுக்குள் பார்க்க முடியவில்லை.

அன்றையிலிருந்து என் நைனா ஒரு சட்டம் போட்டார். “இனிமே இவன் பறிச்சாந்தத இவனுக்கே மொதல்ல குடுங்க. பொழுது சாயற வரைக்கும் பாத்துட்டு நாம துன்னலாம்.” அப்படித்தான் நான் மூலிகை நிபுணன் ஆனேன். படித்து இல்லை, பரிசோதனை எலியாக இருந்து.

ஆனால் ஒரே ஒரு கொடியில் மட்டும் நான் தவறியதில்லை. பிரண்டை. நாலு பட்டைத் தண்டு, கணுவுக்குக் கணு முறிச்சல், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். நார் உரித்து, எண்ணெயில் நிதானமாக வதக்கி, மிளகாய், புளி, உப்போடு அம்மியில் வைத்தால் வெறும் கஞ்சியும் விருந்துதான். வதக்கல் குறைந்தால் மட்டும் தொண்டை நமைச்சல் எடுத்து, சாப்பிட்டவன் சமைத்தவளைத் தேடுவான்.

பிரண்டை என்று இப்போது எழுதுகிறேனே, அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது நல்லேரு. தெலுங்குப் பேர் என்று எனக்கு அப்போது தெரியாது. நல்ல ஏர், நல்லேரு, தமிழ்தான் என்று இத்தனை வருஷமாக நிம்மதியாக இருந்தேன்.

தெலுங்கில் இப்படி மூன்று ஏரு உண்டு. நல்லேரு என்றால் பிரண்டை. பல்லேரு என்றால் நெருஞ்சி. கன்னேரு என்றால் அரளி. ஒன்று துவையலுக்கு, ஒன்று காலுக்கு, ஒன்று காலனுக்கு.

4

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த பிறகு ஒரு தடவை குடும்பத்தோடு லீவில் ஊருக்கு வந்தேன். பிறந்ததற்குச் சான்று வாங்க வேண்டியிருந்தது. அதற்குச் சித்தூர் போகவேண்டும். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பஸ் பலகை எல்லாம் ஜிலேபி ஜிலேபியாக இருந்தது. கூச்சத்தில் யாரையும் கேட்காமல் ஏறினேன். சித்தூருக்கு ஏறியவன் திருப்பதியில் இறங்கினேன்.

வந்தது வந்தாகிவிட்டது. பெருமாள் கூப்பிட்டார் என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, மலை ஏறி, சொல்லுக்கு ஆதாரமாக மொட்டையும் போட்டுக்கொண்டேன். இறங்கும்போது ஒரு ஞாபகம். சிவராத்திரிக்கு வில்வ இலை வேண்டும் என்று கோவிந்தம்மாள் எங்கே பார்த்தாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடிவாரத்தில் தழையும் வேருமாக விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், என் தெலுங்கைக் காட்டலாம் என்று “மாரேடு உந்தா?” என்று கேட்டேன். வில்வத்துக்குத் தெலுங்கில் மாரேடு. கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பெண் ஒரு கட்டு கிழங்கை எடுத்து என் பையில் திணித்தாள். மாகாளிக்கிழங்குக்கும் அந்தப் பக்கத்தில் அதே பேராம். இலைக்குப் போனவன் கிழங்கோடு வீட்டுக்கு வந்தேன். தலையைப் பார்த்துவிட்டு, பையைப் பார்த்துவிட்டு, கோவிந்தம்மாள் கேட்டாள்: “சித்தூரு எப்டி இருந்துச்சு?”

மறுநாள் சரியான பஸ்ஸில் சித்தூர். ஆபீஸில் என் காகிதங்களை வாங்கிய குமாஸ்தா போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏமய்யா, போட்டோலோ ஜுட்டு உந்தி, மீகு லேது!” போட்டோவில் முடி இருக்கிறது, உங்களுக்கு இல்லையே என்கிறார்.

“நேத்து இருந்துச்சுங்க.”

“எக்கட போயிந்தி?”

“பெருமாள்கிட்ட. பஸ்ஸு மாறி ஏறிட்டங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து என் தலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். பாதி வார்த்தை இதில், பாதி அதில், எங்கள் பக்கத்துச் சுத்தமான பேச்சு. “நகரிப் பக்கமா? உங்க வேலியில எல்லாம் நல்லேரு சும்மா படர்ந்துக்கினு இருக்குமே. எங்க வீட்ல தொவையலுக்கு நாக்கு ஏங்கிக்கினு கீறாங்க.” சான்று வாங்க மறுபடியும் போனபோது ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு போனேன். பாதியை எடுத்துக்கொண்டு, “இது போதும்பா, ரெண்டே பேருதான்” என்று மீதியைத் திருப்பித் தந்தார். அது துணிப்பைக்குள் போய், பை பெட்டிக்குள் போய், பெட்டி கப்பலுக்குள் போயிற்று. நான் மறந்தே போனேன்.

பினாங்குக்கு வந்ததும் அம்மை இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று எங்களைப் பிடித்து வைத்துச் சோதித்தார்கள். பெட்டிக்குள் இருந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. லயத்துக்கு வந்து பெட்டியைத் திறந்தால், வதங்கிச் சுருங்கிய அந்தக் கட்டில் ஒரு கணுவில் மட்டும் நெல்முனை அளவுக்குத் துளிர். சோறு தண்ணீர் இல்லாமல் கடல் தாண்டி வந்திருக்கிறது. கப்பலில் மூன்று வேளையும் சாப்பிட்டு மூன்று வேளையும் வாந்தி எடுத்த எனக்கு வெட்கமாகப் போயிற்று. வேலியோரம் ஊன்றி வைத்தேன்.

5

இங்கே நான் வைத்தியன் ஆனது ஒரு சாக்கடை ஓரத்தில். மழை விட்ட சாயங்காலம், லயத்துக்குப் பின்னால் வல்லாரை படர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “அட, வல்லாரை!” என்று கத்தினேன். பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மா அதையே கூடையில் பறித்துக்கொண்டு, “பெகாகா” என்றார்கள். அவர்கள் அதைப் பச்சையாகவே சோற்றோடு தின்கிறார்கள். இரண்டு பாஷைக்காரர்கள் ஒரே தழையைக் காட்டி நல்லது என்று சொன்னதைப் பார்த்ததும் வைத்தி அண்ணனுக்கு என்மேல் பக்தி வந்துவிட்டது. அன்றையிலிருந்து நான் டாக்டர் சுப்பராயன். டாக்டர் பட்டறையில் போல்ட்டு முடுக்குகிறவர் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

மலாய் பாஷையில் கீரைக்குப் பயம் என்று பேர். தண்டுக்கீரை, முளைக்கீரை எல்லாமே பயம்தான். முள்ளுக்கீரை என்றால் முள்ளுப்பயம். முதல் மாசம் கடைக்காரர் என்னைப் பார்த்து “பயம்? பயம்?” என்று கேட்டபோது, “இல்லீங்க, புது ஊரு, கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மகள் பத்மாவுக்கு அந்தச் சிரமம் இல்லை. நாராயணவனத்துத் தாயார் பேரை வைத்தோம். எட்டு வயசு வரைக்கும் எங்கள் பேச்சுதான் பேசினாள். இப்போது பன்னிரண்டு. மார்க்கெட்டில் மலாய், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தமிழ் வகுப்பில் புஸ்தகத் தமிழ். பச்சையாக எது முளைத்தாலும் அவளுக்கு ஒரே பேர், ரும்புட். மலாயில் புல் என்று அர்த்தம். உலகத்துத் தாவரங்களை எல்லாம் ஒரே வார்த்தையில் அடக்கியவள் என் மகள்தான்.

வைத்தி அண்ணன் மகளுக்கும் இவள் வயசு. ஒருநாள் பத்மா வாசலில் நின்று, “நைனா, சோறு துன்ன வாங்க!” என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் களுக்கென்று சிரித்ததாம். நைனாவாம், துன்னவாம்! பத்மா உள்ளே ஓடி வந்துவிட்டாள். அப்புறம் வெளியே நான் அப்பா. கதவைச் சாத்தினால் நைனா. அடுத்த வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்பினால் கையில் வைத்துவிட்டு ஒரே ஓட்டம், வாய் திறந்தால் ஊர் வந்து விழுந்துவிடுமோ என்று. நான் அதைத் தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டேன். ராத்திரியில் மட்டும் இரண்டொரு தரம் தமாஷாகத் தெரியவில்லை.

6

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. கோவிந்தம்மாள் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். நான் பட்டறைக்குக் கிளம்பி சைக்கிளில் கால் போடும்போது வைத்தி அண்ணன் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். அன்றைக்கு அவருக்கு வார லீவு.

“சுப்பராயா, நேத்திலேர்ந்து வாயே நல்லா இல்லைய்யா. அந்தப் பிரண்டை கொஞ்சம் அனுப்பேன். துவையல் அரைச்சா ரெண்டு கவளமாவது எறங்கும்.”

“அனுப்பறண்ணே!” என்று சொல்லிவிட்டு, மிதித்துக்கொண்டே வீட்டைப் பார்த்துக் கத்தினேன்: “பத்மா, நல்லேரு ரெண்டு மொழம் ஒடிச்சி வைத்தி பெரியப்பாவுக்குக் குடுத்துடும்மா!”

மத்தியானம் சங்கு ஊதியது. பத்மா சாப்பாட்டுக் கேரியரோடு பட்டறை வாசலுக்கு வந்தாள். முதல் கவளத்தை எடுத்துக்கொண்டே கேட்டேன்.

“குடுத்துட்டியாம்மா?”

“அப்பவே குடுத்துட்டேன். ஒரு கை நெறைய.”

“எத்தினி கணு?”

“கணுன்னா? பூவோடதான் குடுத்தேன்.”

“நல்லேருக்கு ஏதுடி பூ?”

“ரோஸ் கலர்ல, அப்பா. கோயிலாண்ட கொத்துக் கொத்தா இருந்துச்சே. நீங்க சொன்ன பேரு சரியா நெனப்பு இல்ல. அப்பலம்மா அத்தைகிட்ட ‘கன்னேரு எது’ன்னு கேட்டேன்.”

அப்பலம்மா எங்கள் லயத்திலேயே கடைசி வீடு, விசாகப்பட்டினத்துப் பக்கத்துத் தெலுங்கம்மா. அவர்கள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறார்கள். “கன்னேரா? அதிகோ, குடி தக்கர!” குடி என்றால் அவர்கள் பேச்சில் கோயில். கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பது அரளி. இவள் தினமும் துண்டு காயப்போடுகிற வேலியில் நல்லேரு. அதற்கு அதுதான் பேர் என்று இவளுக்குத் தெரியாது. நான் வார்த்தையைக் கொடுத்திருக்கிறேன். கொடியைக் காட்டவே இல்லை.

கவளம் தட்டில் விழுந்தது. சைக்கிளை எடுத்தேன். பத்மா பின்னால் ஏதோ கேட்டுக்கொண்டே ஓடி வந்தது காதில் விழுந்தது, திரும்பவில்லை. வழியில் செயின் கழன்றது. மாட்ட நிற்கவில்லை, சைக்கிளைப் பள்ளத்தில் போட்டுவிட்டு ஓடினேன். நம்புங்கள், எத்தனையோ தழையை வாயில் போட்டு மென்ற காலத்தில்கூட எனக்குச் சாவைப் பற்றி நினைப்பு வந்ததில்லை. அன்றைக்கு அந்த லயத்துப் பாதை முழுக்க ஒரே நினைப்புதான். அண்ணன் நான் சொன்னால் மெல்லுவார். நின்ற இடத்திலேயே மெல்லுவார்.

வைத்தி அண்ணன் வாசலில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது, கண் மூடியிருந்தது. பக்கத்தில் எச்சில் தட்டு. தட்டில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே! அண்ணே!” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

ஒரு கண் திறந்தது. “என்னய்யா, எங்கேயாவது தீ பிடிச்சிக்கிச்சா?”

“இன்னா துன்னீங்க? தொவையல் துன்னீங்களா?”

“சாப்பிட்டேனே. காரம்தான் கொஞ்சம் தூக்கல்.”

எச்சில் தட்டைத் தூக்கி அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தேன். “வாயில வெரல விடுங்கண்ணே. வாந்தி எடுங்க. நான் புடிச்சிக்கறேன்.”

“எதுக்கு வாந்தி எடுக்கணும்? அனுப்பறேன் அனுப்பறேன்னுட்டு நீ பிரண்டை அனுப்பலை. அவ புதினாவை அரைச்சுப் போட்டா. நானே கடுப்புல இருக்கேன்.”

சத்தம் கேட்டு அவர் சம்சாரம் சிவகாமி அக்கா வந்தார்கள். “வாங்க தம்பி. நல்லா இருப்பீங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமிக்குப் பூ குடுத்தனுப்பினீங்களே” என்று உள்ளே கையைக் காட்டினார்கள். முருகர் படத்துக்கு ரோஸ் நிற அரளி மாலை. முருகர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் இருப்பார், ஆனால் அன்றைக்குக் காரணத்தோடு சிரித்தது போல இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். வைத்தி அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பசி எடுக்காத மனுஷருக்கு அத்தனை சிரிப்பு எங்கிருந்து வந்ததோ. நானும் சிரித்தேன். சிவகாமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“பத்மா கையில வச்சிட்டு ‘அப்பா குடுக்கச் சொன்னாங்க’ன்னு ஓடிட்டா. எதுக்குன்னு சொல்லல” என்றார்கள். “துவையலுக்குன்னு சொல்லியிருந்தா?”

“நீங்கதான் அரளியப் பாத்தாத் தெரிஞ்சிக்குவீங்களே அக்கா.”

“அரளின்னு தெரியும் தம்பி. ஆனா நீங்க துவையலுக்குன்னு அனுப்பினா, விஷம் போகச் சுத்தி பண்ணி ஏதோ முறையா அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சிருப்பேன். நீங்க சொல்லி நாங்க எதைக் கேள்வி கேட்டோம்?” மெதுவாகச் சொன்னார்கள்: “அரைச்சிருப்பேன்.”

வைத்தி அண்ணன் சிரிப்பு நின்றது. என்னுடையது அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

அவர் உயிரைக் காப்பாற்றியது நானும் இல்லை, முருகரும் இல்லை. எங்கள் பேச்சைப் பேச வெட்கப்பட்டுக்கொண்டு என் மகள் ஓடிய ஓட்டம்.

7

நான் பத்மாவைத் திட்டவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை போலிருக்கிறது. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நல்லேருங்கறது தமிழா தெலுங்கா?”

கோவிந்தம்மாள், “அது தமிழ்தான்டி” என்றாள். பள்ளிப்பட்டு சொல்கிறது, நகரி என்ன சொல்ல? “தெலுங்கும்மா. அப்பலம்மா சொல்லி எனக்கே இப்பத்தான் தெரியும்” என்றேன். அவள் எழுந்து போனாள். அப்புறம் இரண்டு நாள் வீட்டுக்குள்ளும் அப்பாதான். நைனா இல்லை. கதவு சாத்தியிருந்தாலும் இல்லை.

வைத்தியத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன். லயத்தில் வீடு வீடாகப் போய், இனிமேல் நான் சொல்கிற எதையும் வாயில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாரும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வைத்தி அண்ணனோ வழக்கம்போல வேலிக்கு மேலே தலையை நீட்டி, “பொழைச்சவனுக்குப் பிரண்டை உண்டா இல்லையா?” என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சரி, இந்தத் தடவை என் கையாலேயே ஒடித்து, என் கையாலேயே நார் உரித்து, நானே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தியோடு வேலிப் பக்கம் போனேன். பத்மா அங்கே எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கொடிக்கு ரொம்பக் கிட்டே, மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தள்ளும்மா, ரெண்டு கணு ஒடிச்சிக்கறேன்.”

“ஒடிக்காதீங்க.”

“ஏன்?”

விரலால் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். இலைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னக் காம்பு. அதன் நுனியில் கடுகு கடுகாக, பச்சையும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், ஓரத்தில் லேசான சிவப்போடு ஏதோ விரிந்திருந்தது. நாலு இதழ். ஒரு எறும்பு அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது.

“நல்லேருக்கு ஏதுடி பூன்னு கேட்டீங்களே, நைனா” என்றாள்.

பிறந்ததிலிருந்து பார்க்கிற கொடி. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் தெரியும் என்று உங்களிடமே பீற்றிக்கொண்டேன். அதற்குப் பூ உண்டு என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? எங்கள் தெருவில் அதைப் பூக்க விட்டோமா? கணு முற்றுவதற்கு முன்னால் யாராவது ஒடித்துக்கொண்டு போயிருப்போம். தறி நின்ற மாசத்தில் வேலியில் மிச்சம் இருந்ததே கிடையாது.

கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டேன். அந்தப் பக்கம் வைத்தி அண்ணன் தலை எழுந்தது.

“என்ன டாக்டர், பிரண்டை இன்னிக்காவது வருமா வராதா?”

என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். பிரண்டை என்று சொல்ல நாக்கு இன்னும் பழகவில்லை, மற்றதைச் சொல்லப் பயம். மலாய்ப் பயம் இல்லை, நம்முடையது. அதற்குள் பத்மா குதிகாலை உயர்த்தி எம்பி, வேலிக்கு மேலே முகத்தைக் காட்டி, லயத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

“இன்னிக்கு ஒடிக்க முடியாது பெரியப்பா. நல்லேரு பூத்துக்கினு கீது!”

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பத்மா உள்ளே ஓடவில்லை.